மடியம்மாவின் முகம்

இந்தக் காலத்து ஆட்களுக்கு மூஞ்சி பார்த்துப் பேசத் தெரியாது என்பது பழனியாண்டியின் முடிவு. பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தால் பக்கத்தில் இருப்பவன் எந்தத் தோட்டம், எங்கே போகிறான், உயிரோடுதான் இருக்கிறானா என்றுகூடத் திரும்பிப் பார்ப்பதில்லை. கையளவு போனை வைத்துக்கொண்டு அமுக்குகிறார்கள், இல்லாவிட்டால் வாயைப் பிளந்துகொண்டு தூங்குகிறார்கள். மனுஷனை விடுங்கள், சாமியையே அப்படித்தான் நடத்துகிறார்கள். அவிசாவளையில் ஏறியதில் இருந்து அவர் பார்த்துக்கொண்டுதான் வருகிறார். பாதையோரம் ஒரு கோயில் தெரிந்தால் போதும், பஸ் முழுதாக நிற்பதற்குள் கொண்டக்டர் குதித்து ஓடி, உண்டியலில் காசை எறிந்து, ஒரு விரல் திருநீற்றை எடுத்துவந்து சாரதியின் நெற்றியில் இழுத்துவிட்டு, "ஹரி, யமு" என்று சிங்களத்தில் புறப்படச் சொல்லித் தகரத்தில் தட்டுகிறான். உள்ளே இருப்பது பிள்ளையாரா முனியாண்டியா என்று கேட்டால் அவனுக்கே தெரியாது.

"ரோட்ட மறிக்கிற பொலிஸ்காரனுக்குக் குடுக்கிற மாதிரியே குடுக்கிறானுங்க," என்றார் மகளிடம்.

விஜயகலா அவர் முழங்கையை அமுக்கினாள். "மெல்லப் பேசுங்கப்பா. முன் சீட்டுல காக்கிச் சட்டை."

"இருக்கட்டுமே. அவனுக்குத் தமிழா வெளங்கப் போவுது?"

காக்கிச் சட்டை திரும்பியது. "நல்லா வெளங்குதுங்க ஐயா. ஆனா நான் பொலிஸ் இல்ல, பஸ் டிப்போ."

பஸ்ஸில் நாலைந்து பேர் சிரித்தார்கள். பழனியாண்டி ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். வெளியே றப்பர் மரங்கள் ஓடின. இந்த மரங்களைப் பார்க்கக் கூடாது என்றுதான் இத்தனை வருஷமும் அவர் இந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. எழுபத்தேழு இனக் கலவரத்தில் ருவான்வெல்லைப் பக்கத்தில் அவர்கள் இருந்த லயம், தோட்டத்து வரிசை வீடுகள் அத்தனையும், எரிந்தது. மிஞ்சியதைச் சாக்கில் கட்டிக்கொண்டு, பொண்டாட்டி இருளாயியையும் கைக்குழந்தையாக இருந்த விஜயகலாவையும் கூட்டிக்கொண்டு நிவித்திகலைப் பக்கம் போய்ச் சேர்ந்தார். அங்கேயும் றப்பர்தான், அங்கேயும் பால் வெட்டுதான். ஆனால் திரும்பி வரவில்லை. "ஒருக்கா அந்தப் பக்கம் போய்ட்டு வருவோமே" என்று இருளாயி எத்தனையோ தடவை கேட்டிருக்கிறாள். ருவான்வெல்லையில் இருந்த அண்ணன்காரனைப் பார்க்கக் கேட்கிறாள் என்று நினைத்தார். பார்க்க வேண்டுமானால் அவன் வரட்டும் என்றார்.

இப்போது அவளே இல்லை. அடுத்த மாதம் வருஷத் திவசம். கூடப் பிறந்தவனை வெற்றிலை பாக்கோடு நேரில் போய் அழைக்காமல் திவசம் செய்தால் செத்தவளுக்கே அடுக்காது என்று மகள் நின்றாள். போனில் சொன்னால் போதாதா என்று கேட்ட மருமகனை அவர் ஒரு பார்வை பார்த்தார். அதனால்தான் இந்தப் பயணம்.

விஜயகலாவுக்கு இன்னொரு குறையும் இருந்தது. திவசத்துக்கு மாலை போட அம்மாவின் படம் ஒன்று வீட்டில் இல்லை. கலியாணத்தின்போது எடுத்த ஒரே படம் லயத்தோடு எரிந்துபோனது. பிறகு யார் படம் எடுக்கக் கூப்பிட்டாலும் இருளாயி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு, "செத்தவளுக்குத்தான் படம்" என்று ஓடிவிடுவாள். அடையாள அட்டைக்குக்கூடப் படம் எடுக்க வராததால் அட்டையும் இல்லை. மாமன் வீட்டில் எங்காவது ஒரு பழைய படம் கிடக்காதா என்று பயணம் முழுக்க அவள் கேட்டுக்கொண்டே வந்தாள். "கெடந்தா அவன் இத்தன வருசத்துல காட்டியிருக்க மாட்டானா" என்று அவரும் சொல்லிக்கொண்டே வந்தார்.

ருவான்வெல்லைக்குக் கொஞ்சம் முன்னால், ஒரு வளைவில், பஸ்ஸின் மூக்கில் இருந்து புகை கிளம்பியது. சாரதி ஓரங்கட்டினான்.

"என்ஜின் றத் வெலா, சீயா. பொட்டக் இன்ன," என்ஜின் சூடேறிவிட்டது, கொஞ்சம் இருங்கள் தாத்தா என்று சிங்களத்தில் சொல்லிவிட்டுக் கொண்டக்டர் வாளியைத் தூக்கிக்கொண்டு தண்ணீர் தேடி ஓடினான்.

எல்லோரும் இறங்கினார்கள். வளைவில் ஒரு பலாமரம். அதன் கீழே தகரம் போட்ட கொட்டகை. கோபுரம் இல்லை, மணி இல்லை, ஐயரும் இல்லை. கொண்டக்டர்மார் காசு எறிகிற இடங்களில் ஒன்றாக இதுவும் இருக்கும் என்று பழனியாண்டி நினைத்தார். நிழலுக்காக மட்டும் அந்தப் பக்கம் நடந்தார்.

கொட்டகைக்குள் ஒரு பொம்பளை உட்கார்ந்திருந்தாள். உயிருள்ள ஆள் என்றே முதலில் நினைத்தார். செங்கல்லிலும் சீமெந்திலும் செய்த உருவம் அது. ஒரு காலை மடக்கி, ஒரு காலைத் தொங்கவிட்டு, தரையில் இருந்து முழங்கால் உயரத் திண்டில் இருந்தது. கிரீடம் கிடையாது. கையில் சூலமோ கத்தியோ கிடையாது. சேலைக்குத் தோட்டத்து ஸ்டோர்க் கதவுகளுக்கு அடிக்கிற அந்தப் பச்சை, ரவிக்கைக்குக் கூரைத் தகரத்துக்கு அடிக்கிற சிவப்பு. மடி மட்டும் அகலமாக, தொட்டில் போலக் குழிந்து, வெறுமையாக இருந்தது. முகத்திலும் கையிலும் பெயின்ட் இல்லை. றப்பர்ப் பாலைப் பூசியிருந்தார்கள். அது காய்ந்து, பழுத்து, பழுப்பேறி, வெயிலில் வேலை செய்கிற ஆளின் தோல் நிறத்துக்கு வந்திருந்தது. எந்த அம்மனும் நேராகப் பார்த்துக்கொண்டுதான் இருப்பாள். இவள் தலை சாய்ந்திருந்தது. இடது காதை மடிக்குக் கொடுத்து எதையோ உற்றுக் கேட்கிற மாதிரி.

பழனியாண்டி நின்றார். வலது புருவத்தின் நடுவில் ஒரு வெட்டு. நெல்மணி அளவு இடத்தில் மயிர் இல்லாமல், ஒற்றையடிப் பாதை போல அறுந்திருந்தது. கலியாணத்துக்கு முந்தின வருஷம் காற்றில் ஒடிந்த றப்பர்க் கிளை இருளாயியின் முகத்தில் விழுந்து உண்டான வெட்டு. அதே கிளைதான் அவளுடைய வலது காதையும் மந்தமாக்கியது. அதனால்தான் யார் பேசினாலும் அவள் தலையைச் சாய்த்து இடது காதைக் கொடுப்பாள்.

எவன் செய்தான் இதை? அவருக்கு முதலில் வந்தது அந்தக் கேள்விதான். பக்தியும் வரவில்லை, அழுகையும் வரவில்லை, நெஞ்சுக்குள் நெருப்பு மாதிரி ஒன்று வந்தது. ஒரு பொம்பளையின் புருவத்தில் மயிர் இல்லாத இடம் இவ்வளவு துல்லியமாகத் தெரியவேண்டுமானால் ஒருவன் எவ்வளவு கிட்டத்தில் இருந்து, எவ்வளவு நேரம் பார்த்திருக்க வேண்டும்?

உருவத்தின் காலடியில் ஒரு கிழவி குந்தியிருந்து, பாதத்தில் இருந்த பழைய பாலை நகத்தால் கிளப்பி உரித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் ஒரு வாளி நிறையப் புதுப் பால். உறையாமல் இருக்க மருந்து விட்ட வாசம் மூக்கில் ஏறியது.

"ஏம்மா, இத யாருங்க செஞ்சது?" என்றார்.

"எங்க வீட்டுக்காரரு. அழகமுத்து. மேசன். போய்ச் சேந்து ஏழெட்டு வருசம் ஆவுது." கிழவி நிமிரவில்லை. "வருசா வருசம் திருவிழாவுக்கு முன்னால பழைய தோல உரிச்சிட்டுப் புதுசு பூசணும். அவரு செஞ்சிட்டுப் போனாரு, நான் பூசிக்கிட்டுக் கெடக்கேன்."

"ஒங்களுக்கு எந்தத் தோட்டம்? எந்த லயம்?"

"இந்தா, மேல தெரியுதே, அதான். கடைசி லயம். என் பேரு மூக்காயி."

கடைசி லயம் என்றால் என்ன சாதி ஆட்கள் இருப்பார்கள் என்று தோட்டத்து ஆளுக்கு விளக்கத் தேவையில்லை. தண்ணீர் பிடிக்கிற பீலியிலும் அவர்களுக்குக் கடைசி முறைதான். பழனியாண்டி தன்னை அறியாமல் ஓரடி பின்னால் வைத்தார்.

"ஒன் புருசன் யாரப் பாத்து இதச் செஞ்சான்?" நீங்க என்று தொடங்கியவர் நீ என்று இறங்கியிருந்தார்.

மூக்காயி அப்போதுதான் நிமிர்ந்தாள். ஆனால் அவரைப் பார்க்கவில்லை. அவருக்குப் பின்னால் வந்து நின்ற விஜயகலாவைப் பார்த்தாள். உரித்த தோல் கையில் தொங்க, பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"ஒங்க அம்மா பேரு என்னம்மா?"

"இருளாயி."

"கேக்காத காது வலது காதுதானே?"

விஜயகலா அப்பாவைப் பார்த்தாள். பிறகு உருவத்தைப் பார்த்தாள். அப்போதுதான் அவளுக்கும் தெரிந்திருக்க வேண்டும். வாயில் கையை வைத்துக்கொண்டாள்.

"நல்லா இருக்காளா?" என்றாள் மூக்காயி.

"போயிட்டாங்க. அடுத்த மாசம் வருசம்."

மூக்காயி தோலைக் கீழே வைத்தாள். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டாள். மூலையில் இருந்த பிளாஸ்கைத் திறந்து இரண்டு மூடியில் தேத்தண்ணி ஊற்றி நீட்டினாள். விஜயகலா வாங்கிக் குடித்தாள்.

"நான் தேத்தண்ணி குடிக்கிறதில்ல," என்றார் பழனியாண்டி. காலையில் அவிசாவளைக் கடையில் இரண்டு கிளாஸ் குடித்தவர். மகள் அவரை ஏறிட்டுப் பார்த்தாள். மூக்காயி அந்த மூடியைத் தானே குடித்துவிட்டுச் சொல்லத் தொடங்கினாள்.

கலவரத்தில் பொம்பளைகளையும் பிள்ளைகளையும் தோட்டத்து லொறியில் ஏற்றிக்கொண்டுபோய் ஒரு பள்ளிக்கூடத்தில் இறக்கினார்கள். அது பழனியாண்டிக்கும் தெரியும். அவரும் மற்ற ஆம்பளைகளும் மாடு கன்றைக் காப்பாற்றக் காட்டுக்குள் தங்கியிருந்தார்கள். பக்கத்துத் தோட்டத்து ஆட்களையும் அதே பள்ளிக்கூடத்தில்தான் கொண்டுவந்து போட்டார்கள். மூக்காயிக்குப் பிள்ளை பெற்ற உடம்பு, காய்ச்சல் கண்டு நினைவு தப்பிக் கிடந்தாள். பால் வற்றிப்போனது. குழந்தை அழுது அழுது, பிறகு அழவும் தெம்பில்லாமல் போனது. அந்த மண்டபத்தில் பால் உள்ள தாய்மார் நிறையப் பேர் இருந்தார்கள்.

"எல்லாரும் பாத்தாங்க. கடைசி லயத்துப் புள்ளைய யாரு தூக்குவா? நான் அவுங்கள ஒண்ணும் சொல்லல. காலம் அப்பிடி. அந்த நேரத்துல இவதான் எந்திரிச்சு வந்தா. ஒரு பக்கம் ஒன்னய வெச்சிக்கிட்டு, மறுபக்கம் எங்க புள்ளையத் தூக்கி வெச்சா. காது கேக்காதுல்ல, அதனால புள்ள முழுங்குதா முழுங்கலையான்னு தலையச் சாச்சு காத கிட்டக் குடுத்துக் கேட்டுக்கிட்டே இருந்தாளாம். எனக்கு நெனவு இல்ல. எங்க வீட்டுக்காரருதான் வராந்தாவுல நின்னு பாத்தவரு. அங்க இருந்த நாளெல்லாம் குடுத்தா. எரிஞ்ச லயத்தத் திரும்பக் கட்ட சீமெந்து வந்தப்ப, மிச்சம் மீதிய அள்ளிக்கிட்டு வந்து இங்க குந்துனாரு மனுசன். மழைக்குக் கட்டட வேல இல்லாத நாள்ல எல்லாம் இதே வேலதான்."

"இந்த மடி?" என்றாள் விஜயகலா.

"பால் குடிக்காத புள்ளையக் கொண்டாந்து கெடத்துவாங்க. சிங்கள ஆளுங்களும் வருவாங்க. மடியம்மான்னுதான் எல்லாருக்கும் பேரு. அவ பேரச் சொன்னா நீ சண்டைக்கு வருவியோன்னு நான் சொல்றதில்ல, அண்ணே." கடைசி வார்த்தை பழனியாண்டிக்கு. அவளும் நீ என்று இறங்கியிருந்ததை அவர் கவனித்தார்.

"நான் எதுக்குச் சண்டைக்கு வாறேன்?"

"போறப்ப அவளே சொல்லிட்டுப் போனா. வெளிய சொல்லிடாத மூக்காயி, எங்க வீட்டுக்காரரு ஒரு மாதிரி, தண்ணி வாங்கிக் குடிக்கிறதுக்கே லயம் பாக்குற மனுசன், தெரிஞ்சா என்னையும் புள்ளையையும் வீட்டுல சேக்க மாட்டாருன்னா."

"யாரு, நானா?"

"எனக்கென்ன தெரியும். கோவிச்சுக்காத, அண்ணே."

ரோட்டில் சாரதி என்ஜினுக்குத் தண்ணீர் ஊற்றுகிற சத்தம் கேட்டது. டிப்போக்காரர் வந்து எட்டிப் பார்த்து, கும்பிட்டு, காசு போட்டுவிட்டுப் போனார். பழனியாண்டிக்குத் தலைக்குள் எதுவும் ஓரிடத்தில் நிற்கவில்லை. இருளாயி தன்னிடம் எதையாவது மறைத்தவளா? அரிசிக்குள் சில்லறை மறைப்பாள், அண்ணன் பிள்ளைக்குச் சட்டை வாங்கியதை மறைப்பாள், அதெல்லாம் மறைப்பா? அது எல்லா வீட்டிலும் உள்ளது. இத்தனை வருஷம் ஒரே பாயில் படுத்தவள் இப்படி ஒன்றை வைத்துக்கொண்டு செத்துப்போக முடியுமா? முடியாது. இந்தக் கிழவி ஏதோ கதை கட்டுகிறாள். காது மந்தமான பொம்பளையும் புருவம் அறுந்த பொம்பளையும் தோட்டத்துக்குத் தோட்டம் இருப்பார்கள். அப்படியென்றால் பெயர் எப்படித் தெரியும்? பெயரை விஜயகலாதானே முதலில் சொன்னாள். காது? காது... அவர் அந்தக் கேள்வியை அங்கேயே விட்டுவிட்டார்.

"அந்தப் புள்ள இப்ப எங்க?" என்று விஜயகலா கேட்டாள்.

"கலைச்செல்வியா? எம்பிலிப்பிட்டியாவுல. புருசனோட கடை வெச்சிருக்கா. ரெண்டு புள்ளைங்க. வாயி கொஞ்சம் நீளம்."

"எனக்கு மூத்தவங்களா, எளையவங்களா?"

"ஒனக்கு எளையவ. நீ அப்ப தவழுற புள்ள."

"அப்ப தங்கச்சி," என்றாள் விஜயகலா. சந்தையில் காய் பெயரைச் சொல்லுவதுபோலச் சாதாரணமாகச் சொன்னாள். பழனியாண்டிக்கு முதுகில் யாரோ கைவைத்தது மாதிரி இருந்தது.

மூக்காயி பேசிக்கொண்டே உரித்தாள். கை உரிந்தது, கழுத்து உரிந்தது. கடைசியில் திண்டில் ஏறி நின்று, இரண்டு பெருவிரலையும் நெற்றிக்கு மேல் கொடுத்து, குழந்தைக்குச் சட்டை கழற்றுகிற பதத்தில் மெல்ல மெல்ல இழுத்தாள். முகம் கிழியாமல் முழுதாக வந்தது. நெற்றி, அறுந்த புருவம், கொஞ்சம் அகன்ற மூக்கு, மேலுதட்டின் நடுவில் உள்ள குழி, எல்லாம் அந்தத் தோலில் பதிந்திருந்தன. அவள் அதை வெளிச்சத்துக்கு நேரே தூக்கினாள். தேன் நிறத்தில் ஒரு இளம் பொம்பளையின் முகம் காற்றில் லேசாக அசைந்தது.

"இத என்ன செய்வீங்க?" என்றாள் விஜயகலா.

"ஆத்துல வுடுறதுதான் வழக்கம்."

"எனக்குத் தாங்க."

மூக்காயி யோசித்தாள். "இதுவரைக்கும் யாருக்கும் குடுத்ததில்ல," என்றாள். ஆனால் கை ஏற்கெனவே நீண்டிருந்தது. விஜயகலா இரண்டு கையாலும் வாங்கினாள். அப்பாவின் முன்னால் வந்து நின்று, அதைத் தன் முகத்துக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டாள்.

"அப்பா. எனக்கு அம்மாவோட கெழட்டு மூஞ்சிதான் தெரியும். இந்த வயசு மூஞ்சிய நான் பாத்ததில்ல. மாமாவும் அம்மா கலியாணத்துக்கு முந்தியே இந்தியாவுக்குப் போறேன்னு கெளம்பி, கப்பலுக்குக் காத்துக்கிட்டு மன்னார்ல கெடந்து, ரொம்ப வருசம் கழிச்சுத் திரும்புனவரு. பாத்தவரு நீங்க ஒருத்தர்தான். நீங்க ஆமான்னா திவசத்துக்கு இதத்தான் சட்டம் போட்டு வெப்பேன். சொல்லுங்க. இது அம்மாவா?"

அவர் பார்த்தார். அந்த முகத்தை அவர் கடைசியாகப் பார்த்தது எப்போது? லொறியில் ஏறும்போது. பின்தட்டில் நின்று, ஒரு கையில் பிள்ளையும் ஒரு கையில் துணி மூட்டையுமாக, அவர் கத்திச் சொன்னது கேட்காமல் தலையைச் சாய்த்து, "என்னா?" என்றாள். அவர் என்ன சொன்னார் என்பது இப்போது அவருக்கே ஞாபகம் இல்லை. திரும்பி வந்தபோது அவள் வேறு மாதிரி இருந்தாள். கலவரம் பார்த்த பயம் என்று நினைத்துக்கொண்டார்.

"இல்ல," என்றார்.

"நல்லாப் பாத்துச் சொல்லுங்கப்பா."

"பாத்துட்டுத்தான் சொல்றேன். இல்ல. அப்பிடி ஒண்ணு நடந்திருந்தா அவ எங்கிட்ட சொல்லியிருப்பா."

"சொல்லியிருந்தா நீங்க என்ன செஞ்சிருப்பீங்க?"

பஸ் என்ஜின் ஒருமுறை இருமி அணைந்தது. பழனியாண்டி பஸ் பக்கம் திரும்பினார். செய்திருக்கக்கூடியது எல்லாம் வரிசையாகக் கண்முன் வந்தது. விஜயகலா வாசலில் முளைத்திருந்த சேம்பு மாதிரி அகன்ற அபரலை இலை ஒன்றைப் பறித்து, முகம் மடங்காமல் அதில் வைத்து, வெற்றிலை பாக்குப் பைக்குள் மேலாக வைத்தாள். அவர் வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

மூக்காயி துணியைப் பால் வாளியில் முக்கி, உரித்த சீமெந்து முகத்தின் நெற்றியில் வைத்தாள். வெள்ளையாகப் புருவத்தின் மேல் வழிந்தது.

"அங்க இருந்து தொடங்காத," என்றார் பழனியாண்டி. "வடிஞ்சு திட்டுத் திட்டா நிக்கும். நாடியில இருந்து மேல போ." கிட்டப் போய் வாளிக்குள் இரண்டு விரலை விட்டு எடுத்து, பெருவிரலால் தேய்த்துப் பார்த்தார். "தண்ணி சேந்திருக்கு. மூணு மழைக்குத் தாங்காது இது. எந்தக் களவாணி குடுத்தான் ஒனக்கு?"

"அப்ப அடுத்த வருசம் நல்ல பாலா நீதான் கொண்டாந்து தாயேன்."

"எனக்கு வேற வேல இல்ல. எவ மூஞ்சிக்கோ நான் பால் தூக்கிட்டு வரணுமாக்கும்."

கொண்டக்டர் தகரத்தில் தட்டி எல்லோரையும் கூப்பிட்டான். விஜயகலா திண்டில் ஏறி மூக்காயிக்குத் துணியைப் பிழிந்து கொடுத்துக்கொண்டிருந்தாள். "நீங்க போங்கப்பா, வாறேன்" என்றாள். பழனியாண்டி திரும்பி நடந்தார். கிழவி நாடியில் இருந்துதான் பூசுகிறாளா என்று பார்க்கக் கழுத்து ஒரு தடவை தானாகத் திரும்பப் பார்த்தது, அவர் விடவில்லை. விரல்களில் பால் காய்ந்து தோலோடு இழுத்தது. வேட்டியில் துடைத்தார், போகவில்லை. பெருவிரலால் அதை உருட்டி உருட்டிச் சுருளாக்கிக்கொண்டே, ஹோர்ன் அடித்துக்கொண்டு வந்த லொறிக்கும் விலகாமல், "புருவம் அறுந்தவ ஒலகத்துல ஒருத்திதானாக்கும்" என்று யாரிடமோ சண்டைக்குப் போகிறவர் மாதிரி சொல்லிக்கொண்டு, தார் ரோட்டின் நடுவால் பஸ்ஸைப் பார்த்து நடந்தார்.